கிராமிய வங்கியின் பணம் யாருக்குப் போகிறது?

தங்கத்தின் விலை 2025இல் ஒரு பவுண் மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டியபோது, ஊரில் உள்ளவர்களுடன் நாம் பேசும் பேச்சும் மாறிவிட்டது. முன்பெல்லாம் "நகையை மீட்க வேண்டும், கொஞ்சம் அனுப்புங்கோ" என்று கேட்டவர்கள், இப்போது "மீட்கத் தேவையில்லை, மறு அடகு வைத்தால் இன்னும் கூடத் தருகிறார்கள்" என்கிறார்கள். அதே சங்கிலி, அதே எடை. அடகுக்கடையில் மட்டுமல்ல, எமது ஊர்களின் கூட்டுறவுக் கிராமிய வங்கிகளிலும் இதுதான் நிலை. வெங்காயம் நடவும் வலை வாங்கவும் கடன் கொடுப்பதற்காக உண்டான ஒரு அமைப்பு, இன்று பெரும்பாலும் நகைப்பெட்டியை நம்பி நடக்கிறது. இது எப்படி வந்தது, இதில் எமக்கு என்ன சம்பந்தம் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்க விரும்புகிறோம். வர்த்தகம் படித்து, அகதியாக வந்து, பிறநாட்டுக் கம்பனிகளின் ஐந்தொகைகளைப் பார்த்தே ஐம்பது வயதைக் கடந்த எமக்கு வேறு எந்த வழியிலும் பார்க்கத் தெரியாது.

முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கூட்டுறவுக் கிராமிய வங்கி என்பது பெயரில் மட்டுமே வங்கி. சட்டப்படி அது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் ஒரு பகுதி; சங்கக்கடையும் எரிபொருள் நிலையமும் எப்படியோ, அப்படித்தான் இதுவும். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் அதற்கு உரிமம் இல்லை. மத்திய வங்கி அதை மேற்பார்வை செய்வதில்லை. அதன் கணக்கைப் பார்ப்பது கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம். 13ஆவது திருத்தத்தின்படி கூட்டுறவுச் சங்கங்களின் பதிவும் மேற்பார்வையும் கணக்காய்வும் மாகாண சபைக்கு உரியவை. கூட்டுறவு வங்கிகள் மட்டும் ஒருங்கிய நிரலில் வைக்கப்பட்டன. வடக்கில் 2013இல் தெரிவான மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை, ஆளுநரின் நிர்வாகம்தான். எனவே எமது மக்களின் சேமிப்பில் ஒரு பெரும் பங்கை வைத்திருக்கும் ஒரு துறைக்கு, வாக்காளருக்குப் பதில் சொல்லவேண்டிய மாகாண அமைச்சர் பல ஆண்டுகளாக இல்லை. இதைப் பற்றி எமது ஊடகங்களில் யாரும் பெரிதாக எழுதியதாக நினைவில்லை.

வரலாற்றை நீட்டாமல் சொல்கிறோம். 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச்சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஐக்கிய நாணய சங்கங்கள் வேரூன்றி, 1929இல் கூட்டுறவு மாகாண வங்கியும் உருவானது. யாழ். நகரில் கூட்டம் என்றால் இன்றும் எல்லோர் வாயிலும் வரும் வீரசிங்கம் மண்டபம், அரசியல் மேடைக்காகப் பெயர் பெற்றதல்ல; கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயர் அது. மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையே நடத்திய சமூகம் நாம். 1961இல் மக்கள் வங்கி உருவானபோது, கூட்டுறவு இயக்கத்தின் மத்திய வங்கியாக இருந்த கூட்டுறவுச் சமஷ்டி வங்கி அதற்குள் சென்றது. 1964 முதல் பலநோக்குச் சங்கங்களுக்குள் கிராமிய வங்கிகள் தொடங்கின. சேர்ந்த பணம் மக்கள் வங்கிக்குப் போகும், அங்கிருந்து பயிர்க்கடனாகத் திரும்பி வரும் என்பதே அன்றைய ஏற்பாடு.

அந்த ஏற்பாடு ஓரளவு நன்றாக வேலை செய்த காலம் 1970 முதல் 1977 வரை. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் தென்னிலங்கையில் நல்ல விலை போயின. கடன் வாங்கிய தோட்டக்காரர் அறுவடை முடிந்ததும் கட்டினார், சங்கமும் வளர்ந்தது. 1977இல் கதவு திறந்தது. இறக்குமதி மிளகாய் வந்தது, விலை விழுந்தது. முதலாவது சீர்திருத்தத்தின் அடி, வட்டி வீதத்தின் வழியாக வரவில்லை, மிளகாய் விலையின் வழியாக வந்தது. கடன் கொடுப்பவருக்கு எந்தக் கட்டுப்பாடும் போடாமலேயே கடன் வாங்குபவரின் கட்டும் வலுவைக் குறைத்துவிடலாம் என்பதை அப்போதே கண்டோம். பின்னர் போர். பொருளாதாரத் தடைக்காலத்தில் சங்கங்கள் நிவாரணப் பங்கீட்டுக் களஞ்சியங்களாக மாறின. 1995 இடப்பெயர்வில் பேரேடுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போன எழுதுவினைஞர்கள் இருந்தார்கள். அந்தப் பேரேடுகள் இருந்ததால்தான் பலருடைய வைப்புகள் பின்னர் அடையாளம் காணப்பட்டன. இதற்கு ஒரு நினைவுச்சின்னமும் இல்லை.

2009 மே மாதத்துக்குப் பிறகு நடந்ததுதான் இன்றைய நிலைக்கு நேரடிக் காரணம். ஏ9 வீதி வழியாக வங்கிக் கிளைகள், லீசிங் கம்பனிகள், நுண்நிதி நிறுவனங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. கடன் கிடைப்பதே அபிவிருத்தி என்று கொழும்பில் நினைத்தார்கள். வீடு இடிந்து, கணவனை இழந்து, கிணறு தூர்ந்து கிடந்த ஒரு பெண்ணுக்கு முச்சக்கரவண்டி லீசிங்கும் கிழமைக் கடனும் கொடுக்கப்பட்டன. அவளிடம் அவற்றைக் கட்டுவதற்கான வருமானம் இருக்கிறதா என்று கேட்டவர் குறைவு. கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால், பங்குப்பணம் கட்டி அங்கத்தவராக வேண்டும், இரு பிணையாளர் வேண்டும், குழுக்கூட்டம் முடிவெடுக்கக் காத்திருக்கவேண்டும். நுண்நிதிக்காரர் மோட்டார் சைக்கிளில் படலைக்கு வந்து, ஐந்து பெண்களைச் சேர்த்து, சில நாட்களில் பணத்தைக் கையில் கொடுத்தார்.

இந்த வசதியின் விலை என்ன? ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது எந்த ஒரு நிறுவனத்தின் கணக்குமல்ல, முறையை விளங்கிக்கொள்வதற்காக நாம் போட்டது. 50,000 ரூபா கடன், 52 கிழமைத் தவணை, "ஆண்டுக்கு 28 வீதம்" என்று சொல்கிறார்கள். வட்டி 14,000. மொத்தம் 64,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,231 ரூபா. கேட்பதற்கு 28 வீதம்தான். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதல் திரும்பிச் செல்லத் தொடங்குகிறது. ஆண்டின் நடுப்பகுதியில் அவர் கையில் இருப்பது பாதிக் கடன்தான், வட்டியோ முழு 50,000 ரூபாவுக்கும் கட்டுகிறார். குறைந்துசெல்லும் மீதியில் கணக்கிட்டால் உண்மையான வீதம் ஏறக்குறைய 51. பத்திரச் செலவு, காப்புறுதி என்று முதல்நாளே 2,500 ரூபாவைக் கழித்து 47,500ஐக் கையில் கொடுத்தால் அது 62 வீதமாகிறது. அதே 50,000 ரூபாவை ஒரு கடன் சங்கம் 14 வீதத்துக்கு, குறைந்துசெல்லும் மீதியில், 12 மாதத் தவணையில் கொடுத்தால் முழு ஆண்டுக்கான வட்டி ஏறத்தாழ 3,870 ரூபா மட்டுமே. ஒரு பக்கம் 16,500, மறுபக்கம் 3,870. இடைவெளி 12,000 ரூபாவுக்கு மேல். வெளிநாட்டில் இருந்து எம்மில் சிலர் ஒரு வீட்டுக்கு அனுப்பும் மாதப்பணமே அவ்வளவுதான்.

வட்டியைவிடக் கெடுதலானது தவணைக் காலம். சின்ன வெங்காயம் நட்டால் இரண்டரை மாதத்துக்குக் கிட்ட ஒரு சதமும் வராது. பெரும்போக நெல்லுக்கு ஒக்டோபரில் விதைத்தால் தை, மாசியில்தான் காசு. வாடைக்காற்றுக் காலத்தில் பல கரைகளில் படகு இறங்காது. கிழமைத் தவணையோ அடுத்த கிழமையே தொடங்கிவிடும். எனவே முதற் கடனின் ஒரு பகுதி அந்தக் கடனையே கட்டப் பயன்படும். பிறகு அதைக் கட்ட இன்னொரு கடன். இப்படித்தான் ஒரு வீட்டில் நான்கு, ஐந்து புத்தகங்கள் சேர்ந்தன. 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி, 220 வீதம் வரையான வட்டிகளையும் வசூலிப்பவர்களால் பெண்கள் படும் துன்புறுத்தலையும் பதிவு செய்தார். அதே ஆண்டில் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடனைப் பெற்று மூன்று மாதங்களுக்கு மேல் கட்டமுடியாதிருந்த பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்தது. மத்திய வங்கி தன் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களின் நுண்கடனுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பை விதித்தது. 2016இன் நுண்நிதிச் சட்டமோ வைப்பு ஏற்கும் கம்பனிகளையே குறிவைத்தது. வைப்பு எடுக்காமல் கடன் மட்டும் கொடுப்பவர் அதன் வலையில் சிக்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்க ஒரு ஒழுங்குபடுத்தல் அதிகார சபையை அமைக்கும் சட்டமூலம் 2024 ஜனவரியில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எட்டு ஆண்டுகள்!

இது தமிழரின் துன்பம் மட்டும் என்று எண்ணவேண்டாம். 2021இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராக 50 நாட்களுக்கு மேல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எமது செய்திப் பக்கங்களில் அது கிட்டத்தட்ட வரவேயில்லை.

இத்தனைக்கும் நடுவில் எமது கூட்டுறவுகள் என்ன செய்துகொண்டிருந்தன? இங்கேதான் நாம் கொஞ்சம் கசப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. அவர்களிடம் பணம் இல்லாமல் இல்லை. நாடு முழுவதிலும் கூட்டுறவுக் கிராமிய வங்கிகளின் வைப்பு, அவை கொடுக்கும் கடனைவிட மிக அதிகம். மிச்சப்பணம் அரச வங்கிகளில் நிலையான வைப்பாகவும் அரசாங்கப் பிணையங்களாகவும் கிடக்கிறது. கிளிநொச்சிப் பெண் ஒருத்தி சீட்டாகச் சேர்த்துச் சங்கத்தில் போட்ட காசு, கொழும்பின் பெரிய வங்கியொன்றுக்குப் போகிறது. அது நிதிக் கம்பனிகளுக்கும் கடன் கொடுக்கிறது. அந்த நிதிக் கம்பனியின் ஆள் மோட்டார் சைக்கிளில் அதே பெண்ணின் படலைக்கு வருகிறார். ஒவ்வொரு கையிலும் வட்டி ஏறுகிறது. அவளுடைய சொந்தக் காசுதான், நீண்ட சுற்று சுற்றி அவளுக்கே மூன்று நான்கு மடங்கு விலையில் விற்கப்படுகிறது என்று சொன்னால் அது பெரிய மிகையல்ல.

2022இல் இந்தப் பழக்கத்துக்கு நியாயமும் கிடைத்துவிட்டது. நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதென்று அறிவித்த அந்த ஏப்ரலில், மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். நவம்பரில் 91 நாள் திறைசேரி உண்டியலின் வட்டி 33 வீதத்தை எட்டியது. நெறியாளர் குழுவில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற அதிபரை நினைத்துப் பாருங்கள். தோட்டக்காரருக்கு 14, 16 வீதத்துக்குக் கொடுத்து, உரமில்லாமல் பயிர் அழிந்தால் என்ன செய்வதென்று இரவில் யோசிப்பதா? அரச வங்கியில் 20 வீதத்துக்கு மேல் போட்டுவிட்டு நித்திரை கொள்வதா? அவரைக் குறை சொல்ல முடியாது. கணக்கு அப்படித்தான் சொன்னது. சில சங்கங்களின் ஐந்தொகை அந்த இரண்டு ஆண்டுகளில் முன்னெப்போதும் இல்லாத இலாபத்தைக் காட்டியிருக்கும். அது கடன் கொடுக்காததால் வந்த இலாபம்.

பிறகு காற்று திரும்பியது. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் 2023 மார்ச்சில் வந்தது. அந்த யூன் முதல் வட்டி இறங்கத் தொடங்கியது. 2025இல் கொள்கை வட்டி 7.75 வீதம். திறைசேரி உண்டியலும் 8 வீதத்துக்குக் கீழே. சோம்பியிருந்து உழைத்த வருமானம் போய்விட்டது. சங்கங்கள் மறுபடியும் கடன் கொடுக்கவேண்டும். கொடுக்கிறார்கள்தான், ஆனால் நகைக்கு. தங்கத்துக்குப் பிணையாளர் வேண்டாம், திட்ட அறிக்கை வேண்டாம், அது வறட்சியில் வாடாது. ஏறும் விலையில் எல்லா அடகும் நல்ல கடனாகவே தெரியும்.

எமக்குப் பயம் வருவது இங்கேதான். 2013இல் உலகச் சந்தையில் தங்கம் விழுந்தபோது இலங்கையின் பெரிய வங்கிகளே அடகுக் கடனில் அடி வாங்கின. மீட்கவேண்டிய தொகை நகையின் விலையைவிடக் கூடிவிட்டதால் பலர் நகையை விட்டுவிட்டார்கள். அடகுக் கடனுக்கு ஒரு உத்தரவாதத் திட்டத்தை மத்திய வங்கி அடுத்த ஆண்டில் கொண்டுவரவேண்டி வந்தது. அந்தத் தாங்கல் உரிமம் பெற்ற வங்கிகளுக்கு. கிராமிய வங்கிக்கு யார் கொடுப்பார்? மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதித் திட்டமும், ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை, உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கே பொருந்தும். கூட்டுறவுக் கிராமிய வங்கியில் உங்கள் அம்மா போட்டிருக்கும் ஐந்து இலட்சம் அதற்குள் வராது. இதைச் சொல்வது அவரைப் பயமுறுத்திப் பணத்தை எடுக்கவைக்க அல்ல. அந்தச் சங்கத்தின் கடன் எங்கே கிடக்கிறது என்று அவர் கேட்கவேண்டும் என்பதற்காக.

இதற்கு மாற்றாகச் சிலர் சொல்வது, கூட்டுறவுகளை உண்மையான வங்கியாக்கிவிடவேண்டும் என்பது. தெற்கில் அந்தப் பாதை நடந்து பார்க்கப்பட்டது. சணச இயக்கத்தின் சிக்கனக் கடன் சங்கங்கள் 1997இல் தமது அபிவிருத்தி வங்கியைத் தொடங்கின; 2012இல் அது கொழும்புப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. மூலதனம் கிடைத்தது, மத்திய வங்கியின் கண்காணிப்பும் கிடைத்தது. ஆனால் ஒரு அங்கத்தவர் ஒரு வாக்கு என்ற விதி, ஒரு பங்கு ஒரு வாக்கு என்று மாறுகிறது. பங்குதாரர் இலாபத்தைக் கேட்பார், வெங்காயத்தின் பருவத்தைக் கேட்கமாட்டார். வடக்கின் சிறிய சங்கங்களுக்கு இந்தப் பாதை சரிவரும் என்று எமக்குத் தோன்றவில்லை. அவற்றுக்கு முதலில் வேண்டியது, மிச்சப்பணம் உள்ள சங்கத்திலிருந்து தேவை உள்ள சங்கத்துக்குப் பணம் போக ஒரு மாகாண மட்ட ஏற்பாடு. 1929இல் யாழ்ப்பாணம் செய்ததும் இதைத்தான். தெல்லிப்பழைப் பக்கம் கிடக்கும் வைப்பு, பூநகரி நெல்லுக்குப் பெரும்போகத்துக்கு முன் போய், மாசியில் திரும்பி வரவேண்டும். தவணை அறுவடையோடு சேரவேண்டும், கிழமையோடு அல்ல.

கூட்டுறவைப் பற்றி நாம் கனவு காணவும் கூடாது. கணக்காய்வு ஆண்டுக்கணக்கில் பிந்தும் சங்கங்கள் உண்டு. நெறியாளரின் உறவினருக்கு முதலில் கிடைக்கும் கடன் உண்டு. தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர் வந்து புகுந்துகொள்வதும் புதிதல்ல. ஊழியர் கடனும் சம்பளமும் வட்டி வருமானத்தைத் தின்றுவிடும் இடங்களும் இருக்கின்றன. இந்தக் குறைகளைச் சொன்னால் தாயகத்தைக் குறைசொல்கிறோம் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். கணக்கைக் கேட்பதும் ஒரு அக்கறைதான்.

இனி எமது பங்கு. நாம் நேராக அந்தச் சங்கங்களில் அங்கத்தவராக முடியாது; 1972இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அங்கத்தவர் அந்தப் பகுதியில் வசிப்பவராகவோ காணியை அனுபவிப்பவராகவோ இருக்கவேண்டும். வெளிநாட்டு நாணயத்தைப் பெறும் உரிமையும் கிராமிய வங்கிக்கு இல்லை. நாம் அனுப்பும் பணம் வர்த்தக வங்கி வழியாகவே இறங்குகிறது, பெரும்பாலும் அங்கேயே நிலையான வைப்பாகத் தங்கிவிடுகிறது. ஊர்ச்சங்கங்கள் செய்யும் மற்றொன்று, ஒரு பெரிய தொகையைச் "சுழற்சி நிதி" என்று கொடுத்துப் படம் எடுப்பது. நல்ல மனதோடு கொடுத்ததுதான். ஆனால் வெளியிலிருந்து வந்த காசைத் திருப்பிக் கட்டவேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வருவதில்லை. இரண்டு சுற்று சுற்றியபின் நிதி நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரியின் சேமிப்பு என்று தெரிந்தால் கட்டுவார்கள். ஆகவே வட்டிக்குக் கொடுக்கும் முதலாக எமது பணம் போவதை நாம் விரும்பவில்லை. கடன் அறவிடமுடியாமல் போனால் ஈடுசெய்யும் ஒதுக்கமாக, அல்லது ஐந்து சங்கங்களுக்குப் பொதுவாக ஒரு தகுதியான கணக்காளரை வைக்கும் செலவாகப் போகலாம். படம் எடுக்க அதில் ஒன்றுமில்லை என்பது தெரியும்.

அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் செலவும் இல்லை. உங்கள் தங்கையோ பெரியம்மாவோ ஒரு சங்கத்தில் அங்கத்தவராக இருந்தால், வருடாந்தப் பொதுச்சபைக் கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். சிற்றுண்டிப் பொதியோடு கொடுக்கப்படும் அறிக்கையின் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். மொத்தக் கடனில் நகை அடகு எவ்வளவு, பயிருக்கும் தொழிலுக்கும் எவ்வளவு, வெளி வங்கிகளில் கிடப்பது எவ்வளவு, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் நிற்பது எவ்வளவு, கடைசியாகக் கணக்காய்வு முடிந்த ஆண்டு எது என்று பாருங்கள். ஐந்து எண்கள்தான். அவற்றில் ஏதாவது ஒன்று அறிக்கையில் இல்லாவிட்டால், அடுத்த கூட்டத்தில் அதை எழுந்து கேட்கும்படி பெரியம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு அங்கே ஒரு வாக்கு இருக்கிறது; தலைவருக்கும் ஒன்றுதான்.